ஏற்காட்டுக்கு ஒரு கெந்திங் வருமா? கேசினோ ரிசார்ட் வியாபாரத்தின் உள்கணக்கு

மலேசியா, சிங்கப்பூர் டூர் போய்விட்டு வந்த சேலத்துக்காரர் யாரிடமாவது கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும், பத்துமலை முருகன், இரட்டைக் கோபுரம் எல்லாம் முடிந்ததும் பேச்சு கெந்திங் மலைக்கு வந்து நிற்கும். "ரோப் கார்ல போனா மேகத்துக்குள்ள போகுது சார், மேல இறங்குனா ஒரு ஊரே இருக்கு, வெளிய வராமயே ரெண்டு நாள் சுத்தலாம்" என்று ஆரம்பித்து, "நம்ம ஏற்காட்டுல இப்படி ஒண்ணு போட்டா எப்படி இருக்கும்" என்பதில் போய் முடியும். கோடை விழா நடக்கும் மே மாதத்தில், ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் நிற்கும்போது இந்தப் பேச்சு இன்னும் சூடாகும்.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த மலை மேல் இருக்கும் ஊரை யார் காசில் கட்டினார்கள், ரோப் காரும் தீம் பார்க்கும் எதை நம்பி ஓடுகின்றன என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. டூரில் போகிற நம் ஆட்களில் பெரும்பாலோர் கேசினோ என்கிற சூதாட்டக் கூடத்தின் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள், குழந்தைகளோடு போனவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. அவர்கள் பார்த்து வியந்த மற்ற எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அந்த வாசலுக்கு உள்ளே இருக்கிற அறைதான். இந்தக் கட்டுரை அந்த அறையைப் பற்றியது.

முதலில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே கணக்கு எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. மெரினா பே சாண்ட்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும், மூன்று கோபுரத்தின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி இருக்குமே, அதுதான். ஒவ்வொரு கோபுரமும் 55 மாடி. மேலே இருக்கும் அந்தத் தளம் 340 மீட்டர் நீளம், அதில் கிட்டத்தட்ட 150 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீச்சல் குளம். குளத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் நேராக ஊருக்குள் வழிந்து விழுவது போலத் தோன்றும், அதற்குக் கீழே ஒரு தொட்டி வழிகிற தண்ணீரைப் பிடித்துத் திரும்ப மேலே அனுப்புகிறது. வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி என்கிற கட்டடக் கலைஞர். 2010 ஏப்ரலில் திறந்தபோது 2,500க்கும் மேல் அறைகள், செலவு 500 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. உள்ளே தாமரை வடிவத்தில் ஒரு அருங்காட்சியகம், மாநாட்டு மண்டபங்கள், நாடக அரங்கு, ஷாப்பிங் மாலுக்கு நடுவே படகு விடுகிற கால்வாய்.

இவ்வளவு பெரிய இடத்தில் கேசினோவுக்கு எவ்வளவு இடம் தெரியுமா? மொத்தப் பரப்பில் 3 சதவீதம்கூட இல்லை. சூதாடும் பரப்பு 15,000 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது என்று அரசாங்கமே ஆரம்பத்தில் உச்சவரம்பு போட்டது. ஆனால் வருமானத்தைப் பாருங்கள்: 2024இல் மெரினா பே சாண்ட்ஸின் நிகர வருமானம் சுமார் 420 கோடி அமெரிக்க டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமாகக் கொண்டுவந்தது அந்த மூன்று சதவீத இடம். மீதி 97 சதவீத இடத்தில் இருக்கிற அறை, சாப்பாடு, கடை வாடகை, மேல்தள டிக்கெட் எல்லாம் சேர்ந்தாலும் பாக்கிதான். குளத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர் கொடுத்த அறை வாடகையை மட்டும் நம்பி அந்தக் குளத்தை அந்த உயரத்தில் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அந்த 97 சதவீதம் எதற்கு? இங்கேதான் சிங்கப்பூரின் கெட்டிக்காரத்தனம். பல வருடம் கேசினோவே வேண்டாம் என்று இருந்த அரசு, 2005 ஏப்ரலில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுமதி தருவதாக அறிவித்தது. மெரினா பே நிலத்துக்கு ஏலம் விடவில்லை, விலையை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டார்கள். போட்டி எல்லாம் யார் நல்ல கட்டடம் கட்டுகிறார், யார் அதிக வெளிநாட்டுக்காரர்களை வரவழைக்கிறார், கருத்தரங்குக்கு எத்தனை பேருக்கு இடம் தருகிறார் என்பதில்தான். அதாவது ஊருக்கு வேண்டிய அருங்காட்சியகத்தையும் மாநாட்டு மண்டபத்தையும் தீம் பார்க்கையும் தனியார் காசில் கட்டிக்கொள்ள, கேசினோ உரிமத்தைக் கூலியாகக் கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே அதைக் கேசினோ என்று சொல்லாமல் ஒருங்கிணைந்த ரிசார்ட் என்பார்கள். செந்தோசா தீவில் இருக்கும் இன்னொன்றில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகள் நாள் முழுக்க ராட்டினம் ஏறிவிட்டு வருவது அங்கேதான், அதுவும் இதே கணக்குதான்.

இரண்டே உரிமம் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்றாவதாக நாலாவதாக ஆள் வரமாட்டான் என்ற உத்தரவாதம் இருந்தால்தான் இவ்வளவு பணத்தைக் கொட்டுவார்கள். 2019இல் அந்த இரட்டை உரிமையை 2030 வரை நீட்டித்தபோது இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 900 கோடி சிங்கப்பூர் டாலர் முதலீடு செய்ய ஒத்துக்கொண்டன, அதன்படிதான் மெரினா பேயில் நான்காவது கோபுரமும் 15,000 பேர் உட்காரும் அரங்கமும் வரப்போகின்றன.

சரி, கேசினோ எப்படி இவ்வளவு சம்பாதிக்கிறது? மோசடி செய்கிறார்கள், மெஷினைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். உரிமம் பெற்ற பெரிய கேசினோவுக்கு மோசடியே தேவையில்லை, பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டுகிற ரூலெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். நீங்கள் ஒரு எண் மேல் 100 ரூபாய் வைத்து அது விழுந்தால் 3,500 ரூபாய் தருவார்கள், உங்கள் 100 திரும்ப வரும், ஆக 3,600. முப்பத்தேழு எண்ணிலும் தலா 100 வைத்தால் உங்கள் கையிலிருந்து போவது 3,700. அந்த 100 ரூபாய் வித்தியாசம்தான் கேசினோ. சதவீதத்தில் 2.7. அமெரிக்க சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் என்று இன்னொரு குழி சேர்ப்பார்கள், கொடுக்கிற தொகை மாறாது, பங்கு 5.26 ஆகிவிடும். வாரச்சந்தையில் சுங்கம் வசூலிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கடையில் லாபம், எந்தக் கடையில் நட்டம் என்று அவருக்குக் கவலையே இல்லை, சந்தை கூடினால் அவருக்குக் காசு.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டம் மங்காத்தா. கோவா கேசினோக்களில் அதுவே அந்தர் பாஹர் என்ற பெயரில் வெல்வெட் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கம் மாற்றி மாற்றிச் சீட்டுப் போடுவார்கள், நடுவில் திறந்த சீட்டின் ஜோடி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவருக்கு ஜெயம். பாதிக்குப் பாதி என்றுதான் தோன்றும். ஆனால் முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு சீட்டு முந்துகிற வசதி இருப்பதால் நூற்றுக்குச் சுமார் 51.5 முறை அந்தப் பக்கமே ஜெயிக்கும். கோயில் திருவிழாவில் துண்டு விரித்து ஆடுகிறவர் இதைக் கண்டுகொள்ள மாட்டார். கேசினோ கண்டுகொள்ளும். அந்தப் பக்கம் ஜெயித்தால் 100க்கு 90 மட்டும் கொடுக்கும், மறுபக்கம் ஜெயித்தால் 100க்கு 100. கணக்குப் போட்டால் ஒரு பக்கத்தில் 2.15 சதவீதம், இன்னொரு பக்கத்தில் 3 சதவீதம் கேசினோவுக்கு. நீங்கள் எந்தப் பக்கம் கட்டினாலும் சரி.

இரண்டு, மூன்று சதவீதம் என்றால் ஒன்றுமில்லை போலத்தான் தெரியும். நேரம்தான் அதைப் பெரிதாக்குகிறது. ஒரு ஆள் பக்காரா என்கிற சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்து ஒரு கைக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, சராசரி 25 டாலர் வைக்கிறார், மணிக்கு 60 கை ஓடுகிறது, நான்கு மணி நேரம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொண்டுவந்தது 500 டாலராக இருக்கலாம், ஆனால் மேசையில் புரண்டது 6,000 டாலர். பக்காராவில் கேசினோவின் பங்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான், 1.2 என்று வையுங்கள், 72 டாலர். இது ஆளுக்கு ஆள் மாறும், ஒருவர் ஆயிரம் ஜெயித்திருப்பார், பக்கத்து நாற்காலி ஐந்நூறு விட்டிருக்கும். ஆனால் ஒரு நாளில் பல்லாயிரம் பேர் ஆடும்போது சராசரி தன் இடத்துக்கு வந்துவிடும். அதனால் கேசினோவின் ஒரே வேலை உங்களை நாற்காலியில் உட்கார வைப்பது. உள்ளே ஜன்னலும் கடிகாரமும் கண்ணில் படாமல் கட்டுவது, குடிக்க இலவசமாகக் கொடுப்பது, ரூபாய் நோட்டுக்குப் பதில் வண்ண வண்ண சிப் கொடுப்பது எல்லாம் இதற்காகத்தான். 5,000 ரூபாய் நோட்டுக்கட்டை மேசையில் வைக்கத் தயங்குகிற கை, ஒரு பிளாஸ்டிக் வில்லையைத் தயங்காமல் நகர்த்தும்.

உறுப்பினர் அட்டை என்று ஒன்று கொடுப்பார்கள். நீங்கள் எவ்வளவு நேரம், சராசரி எவ்வளவு வைத்து ஆடினீர்கள் என்பது அதில் பதிவாகும். மேலே போட்டேனே, அந்த 72 டாலர் கணக்கு, அதைத்தான் அவர்களும் போடுகிறார்கள். நீங்கள் உண்மையில் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது அதில் முக்கியமே இல்லை, உங்களிடமிருந்து வரவேண்டிய தொகை என்று ஒன்றை எழுதி, அதில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக் கூப்பனாகவோ இலவச அறையாகவோ திருப்பித் தருவார்கள். "கேசினோல ஃப்ரீ ரூம் கொடுத்தாங்க" என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு அந்த ரூமின் வாடகையை எங்கே கட்டினோம் என்று தெரியாது.

இந்த இடத்தில் ரிசார்ட்டின் மற்ற கவர்ச்சிகள் எதற்கு என்பது புரியும். ஆடுகிறவர் குடும்பத்தோடு வரவேண்டும், மனைவியும் பிள்ளைகளும் சலித்துப்போய் "கிளம்பலாமா" என்று கேட்கக்கூடாது. இரண்டாவது, ஆடாதவர்களும் வரவேண்டும், நூறு பேர் ரோப் காரில் வந்தால் அதில் பத்துப் பேராவது "சும்மா உள்ள போய் பார்த்துட்டு வரலாம்" என்பார்கள். இந்தப் பாணியைப் பெரிய அளவில் செய்துகாட்டியது லாஸ் வேகாஸ். நெவாடா மாநிலம் சூதாட்டத்தை 1931லேயே சட்டபூர்வமாக்கிவிட்டாலும், 1989இல் மிராஜ் என்ற ஹோட்டல் வாசலில் செயற்கை எரிமலையை வைத்துத் திறந்த பிறகுதான் ஹோட்டலே வேடிக்கைப் பொருள் ஆனது. இன்றைக்கு அங்கே பெரிய ஹோட்டல்களின் வருமானத்தில் பாதிக்கு மேல் அறை, சாப்பாடு, கச்சேரி வகையில் வருகிறது. சிங்கப்பூர் அந்த நிலைக்கு வரவில்லை, அங்கே இன்னமும் மேசைதான் சோறு போடுகிறது.

இப்போது கெந்திங். நம் விஷயத்துக்கு இதுதான் ரொம்பப் பக்கம், ஏனென்றால் இதுவும் மலை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், கெந்திங் சுமார் 1,800 மீட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம், கோலாலம்பூரிலிருந்து கெந்திங் ஐம்பது சொச்சம். ஒற்றுமை இங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் எல்லாம் வித்தியாசம்தான்.

லிம் கோ தோங் என்பவர் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர், கட்டுமான ஒப்பந்ததாரராக வளர்ந்தவர். 1960களின் நடுவில் கேமரன் மலையில் ஒரு நீர்மின் திட்ட வேலையில் இருந்தபோது, இந்தக் குளிருக்காக மக்கள் இவ்வளவு தூரம் வருகிறார்களே, தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மலைவாசஸ்தலம் இருந்தால் என்ன என்று யோசித்தார். உலு காலி மலையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒன்றுமே கிடையாது, காடுதான். சாலை போடவே 1965 முதல் கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆனது, அதுவும் தன் சொந்தக் காசில். 1969இல் அரசாங்கம் அவருக்குக் கேசினோ உரிமம் கொடுத்தது, 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. அந்த உரிமம்தான் எல்லாவற்றையும் மாற்றியது, ஏனென்றால் மலேசியா முழுவதற்கும் சட்டபூர்வமான நிலக் கேசினோ இன்று வரை அது ஒன்றுதான். அரை நூற்றாண்டுக்கு மேல் போட்டியே இல்லாத கடை. முஸ்லிம்கள் உள்ளே போக முடியாது, மலேசிய மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அதிலேயே கழிந்துவிடுகிறது. மீதிப் பேரும், பக்கத்தில் சிங்கப்பூர் தொடங்கிப் பல நாடுகளிலிருந்து வருகிறவர்களும்தான் வாடிக்கை.

அந்த லாபத்தில்தான் மற்றதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக முளைத்தது. 1997இல் கேபிள் கார். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல், 7,351 அறைகளோடு உலகிலேயே அதிக அறை உள்ள ஹோட்டல் என்று கின்னஸில் பெயர் வாங்கியது, நம் டூர் கம்பெனிகள் நம்மைக் கொண்டுபோய் இறக்குவது பெரும்பாலும் அதன் வாசலில்தான். அப்புறம் புதிய அவானா கேபிள் கார், அது நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் நின்று போகும், அந்தக் கோயிலையும் கட்டியவர் லிம் கோ தோங்தான். 2022இல் ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க். இதே கெந்திங் குழுமம்தான் சிங்கப்பூரின் செந்தோசாவிலும் கடை போட்டது. மலை உச்சியில் ஒருவர் காசில் சாலை, தண்ணீர், மின்சாரம், கோயில், ஹோட்டல் எல்லாம் வந்திருக்கிறது என்றால், அந்த ஒற்றை உரிமம் எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிங்கப்பூர் செய்த இன்னொரு காரியம். கேசினோவை அனுமதித்த அதே கையோடு, சொந்த ஜனங்களுக்கு வாசலில் கட்டணம் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இலவசமாக உள்ளே போகலாம். சிங்கப்பூர் குடிமகனும் நிரந்தரவாசியும் ஒரு நாளுக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்ட வேண்டும், நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு வரும். முதலில் 100 டாலராக இருந்தது, 2019இல் ஏற்றினார்கள். உள்ளே ஏடிஎம் கிடையாது. உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு. அப்பா சூதாடிக் குடும்பத்தை அழிக்கிறார் என்றால் மனைவியோ பிள்ளையோ மனு கொடுத்து அவருக்குத் தடை வாங்கலாம். அரசு உதவித்தொகையில் வாழ்கிறவர்களும் திவாலானவர்களும் தானாகவே தடைப் பட்டியலில் இருப்பார்கள்.

உலகம் முழுக்க கேசினோ வைத்திருக்கும் பல இடங்களில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். நேபாளத்தில் நேபாளிகள் போகக்கூடாது. கோவாவில் 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்களுக்கே அனுமதி இல்லை. வெளியூர்க்காரன் காசு உள்ளே வரவேண்டும், உள்ளூர்க்காரன் காசு உள்ளே போகக்கூடாது. உள்ளூர்க்காரர் தோற்கிற ஒவ்வொரு ரூபாயும், அவர் பக்கத்துத் தெரு மளிகைக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ செலவழித்திருக்க வேண்டிய ரூபாய். அது ஊருக்கு வரும்படியே ஆகாது, பை மாறுகிறது அவ்வளவுதான், கூடவே கடனும் குடும்பச் சண்டையும். வெளியூர்க்காரர் தோற்றால் அந்தக் கடனும் சண்டையும் அவர் ஊருக்குப் போய்விடும். கேட்கக் கொஞ்சம் ஈவிரக்கம் இல்லாமல்தான் இருக்கிறது, ஆனால் இந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது.

இந்தியாவில் நிலைமை என்ன? பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டம். 1867ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம் பல மாநிலங்களில் இன்றும் அடிப்படை. கோவா தன் 1976 சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மெஷின்களுக்கும், 1996இல் திருத்திக் கப்பலில் மேசை ஆட்டத்துக்கும் வழி விட்டது. பனாஜியில் மண்டோவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் அந்த விளக்குக் கப்பல்கள் அதனால் வந்தவை, சீட்டுப் போடும் டீலர் வேண்டுமென்றால் ஆற்றுக்குப் போ, மெஷின் போதுமென்றால் ஹோட்டலிலேயே இரு என்பது ஏற்பாடு. சிக்கிம் 2002இல் தனிச் சட்டம் போட்டது. டாமனில் கேசினோ வரும் என்று நம்பி ஒரு கம்பெனி பெரிய ஹோட்டலையே கட்டி முடித்தது, உரிமம் வரவில்லை, ஹோட்டல் ஹோட்டலாகவே ஓடுகிறது. கேசினோவை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல உதாரணம்.

வரியும் லேசுப்பட்டதில்லை. 2023 அக்டோபரிலிருந்து சிப் வாங்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். 10,000 ரூபாய் மதிப்புக்கு சிப் என்றால் 4,000 ரூபாய் வரி, அதை வாடிக்கையாளரிடம் வாங்குவதா தன் தலையில் போட்டுக்கொள்வதா என்பது கம்பெனியின் பாடு. ஜெயித்த சிப்பை வைத்துத் திரும்ப ஆடினால் அதற்கு மறுபடி வரியில்லை. ஜெயித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வருமான வரி 30 சதவீதம். கேசினோவின் பங்கு வெறும் இரண்டு மூன்று சதவீதம் என்று மேலே பார்த்தோம், அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள், ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே யார் ஜெயித்தார் என்று தெரியும்.

இதற்கிடையில் கொழும்பிலும் ஒன்று வந்துவிட்டது. ஜான் கீல்ஸ் குழுமம் நூறு கோடி டாலருக்கு மேல் போட்டுக் கட்டிய ரிசார்ட்டில், சீனாவின் கேசினோ நகரமான மக்காவில் அனுபவம் உள்ள மெல்கோ நிறுவனம் 2025 ஆகஸ்டில் கேசினோவைத் திறந்தது. அவர்கள் கண் யார் மேல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை கதவு இறுக்கமாகச் சாத்தியிருக்கிறது. 1930ஆம் வருடத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2003 ஜனவரியில் லாட்டரியையே ஒழித்தார்கள். அப்போது பஸ் ஸ்டாண்ட் முழுக்க டிக்கெட் தொங்கிய கடைகள் மூடியது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், இன்றைக்கும் மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்று உள்ளூர்ச் செய்தியில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் செய்தி தொடர்ந்து வந்த பிறகு ஒரு சட்டம் வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது மனமகிழ் மன்றம் என்ற பலகைக்குப் பின்னால் நடக்கும் சீட்டாட்டம், அதற்கும் அவ்வப்போது ரெய்டு. இந்தச் சூழ்நிலையில் எந்தக் கட்சியும் சட்டமன்றத்தில் எழுந்து நின்று மலை மேல் கேசினோ வேண்டும் என்று கேட்காது.

சட்டத்தை விடுங்கள், நாளைக்கே அனுமதி கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏற்காட்டுக்கு யார் வருகிறார்கள்? சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி, கரூர். வார இறுதியில் பெங்களூர் கார்கள் கொஞ்சம். காலையில் அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு, அண்ணா பூங்கா, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், சாயங்காலம் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தின் விளக்குகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்குகிற கூட்டம்தான் அதிகம். பலர் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கேசினோவை வைத்தால் அதில் ஆடப்போவது யார்? வெள்ளிப் பட்டறைக்காரரும், சேகோ ஃபேக்டரிக்காரரும், லாரி ஓனரும், அவர்களைப் பார்த்து டிரைவரும் கிளீனரும். எல்லாம் முப்பது கிலோமீட்டருக்குள் புழங்க வேண்டிய காசு. கோவா மாதிரி உள்ளூர்க்காரருக்குத் தடை போட்டால் மலையில் கேசினோ ஈ ஓட்டும், தடை போடாவிட்டால் சேலத்தின் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி காலி. வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள் என்றால், எப்படி? சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் இறங்குகிற விமானங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சைப் பேச வேண்டும்.

மலையின் கொள்ளளவு இன்னொரு விஷயம். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவியில் தண்ணீர், கோடையில் இருக்கிற விடுதிகளே டேங்கர் பார்க்கின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது எல்லோருக்கும் தெரியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து நட்ட காலத்திலிருந்து, இங்கே வேலை நடப்பது எஸ்டேட் நிழலில்தான், காபி, மிளகு, ஆரஞ்சு. கெந்திங் யாரும் இல்லாத காட்டில் முளைத்தது. இங்கே மலைவாழ் மக்களின் ஊர்கள் மலை முழுக்க இருக்கின்றன, ஏழாயிரம் அறை ஹோட்டலுக்கு இடம் என்று கேட்டால் அது அவர்கள் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

ரோப் கார் மட்டுமாவது வரக்கூடாதா என்பார்கள். வரலாம், அதற்குக் கேசினோ வேண்டியதில்லை. பழனியில் பக்தர்கள் டிக்கெட்டில் ஓடவில்லையா? ஆனால் கெந்திங் அளவு கற்பனையோடு போகக்கூடாது, இறங்கிய இடத்தில் பத்தாயிரம் பேருக்குக் கழிப்பறையும் தண்ணீரும் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் அடிவாரத்தில் ஒரு பெரிய வாகன நிறுத்துமிடமும், அங்கிருந்து மேலே அடிக்கடி ஓடுகிற சின்ன பஸ்களும் அதற்கு முன்னால் வரவேண்டும். அதற்கு யாரும் போஸ்டர் அடிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக, டூர் போகிறவர்கள் கேட்பதால் இரண்டு மூன்று தகவல். கெந்திங்கில் மேலே குளிரும், சிலிர்க்க வைக்கும் மழையும் வரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுக் கீழே பஸ்ஸில் விட்டுவிடாதீர்கள். கேபிள் காருக்குக் கடைசி நேரத்தில் வரிசை நீளும். கேசினோவுக்குள் 21 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள், பாஸ்போர்ட் அசல் வேண்டும், உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. மெரினா பேயின் அந்த நீச்சல் குளம் அங்கே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு மட்டும், மற்றவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்வைத் தளம் வரை போகலாம். கரையில் இரவில் நடக்கும் ஒளி, நீரூற்றுக் காட்சி இலவசம், அதைப் பார்க்க எந்த ரூமும் எடுக்க வேண்டாம்.